கொப்புளமும் காய்ப்பும்

போன தை மாதம் மாமன் மகன் எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். "தென்னைக்கு நானே வட்டப்பாத்தி எடுக்கறேன்" என்று காலை ஏழு மணிக்கு மம்பட்டியைப் பிடித்தவன், மதியச் சோற்றுக்குக் கூப்பிடும் வரை விடவில்லை. பத்து மரம் முடித்திருந்தான். கை கழுவும்போதுதான் தெரிந்தது, இரண்டு உள்ளங்கையிலும் நான்கைந்து கொப்புளம். ஒன்று உடைந்து சதை சிவந்து தெரிந்தது. ஸ்பூன் வாங்கிச் சாப்பிட்டான். அடுத்த ஆறு நாளும் மம்பட்டி சாளைச் சுவரில் சாத்தியே கிடந்தது.

தோட்டத்து வேலைக்கு வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் உள்ளங்கையைத் தொட்டால் பலகையைத் தொட்டது போல இருக்கும். ஒவ்வொரு விரலின் அடியிலும் மஞ்சள் ஏறிய காய்ப்பு. அவர் இவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரே நாள்ல ஏனுங்க தம்பி இத்தனை மரம்? நாளைக்கும் மரம் இங்கதானுங்க நிக்கும்" என்றார்.

ஒரே மம்பட்டி, ஒரே மண். ஒரு கையில் கொப்புளம் வந்தது, இன்னொரு கையில் காய்ப்பு வந்திருக்கிறது. சிரமம் மனிதனை வளர்க்குமா, உடைக்குமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

"கஷ்டப்பட்டாத்தான் முன்னேற முடியும்" என்பது கொங்கு நாட்டில் சிறு வயதிலிருந்தே காதில் விழும் வாக்கியம். பள்ளி ஆண்டு விழாவில் சொல்வார்கள், கல்யாண மண்டபத்தில் சொல்வார்கள், இப்போது வாட்ஸப் ஸ்டேட்டஸில் 'கம்ஃபர்ட் ஜோனை விட்டு வெளியே வா' என்று புதுச் சட்டை போட்டு வருகிறது. மானாவாரிக் காட்டில் கிணறு வெட்டியவர்களும், நான்கு தையல் மெஷினோடு கம்பெனி தொடங்கியவர்களும் சொன்ன வார்த்தை என்பதால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. எவ்வளவு கஷ்டம், நடுவில் எவ்வளவு ஓய்வு, நிறுத்தும் உரிமை யார் கையில் என்பதை அது சொல்வதில்லை. அந்த மீதிப் பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தோலுக்குள் என்ன நடக்கிறது

மம்பட்டிப் பிடி உள்ளங்கையில் மிதமாக உரசும்போது, மேல்தோலின் அடியிலுள்ள செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகுகின்றன. அவை மேலே வந்து காய்ந்து கெட்டியான அடுக்காகப் படிகின்றன. அதுதான் காய்ப்பு. ஒரே நாளில் அது வராது, செல்கள் பெருகிப் படிய நாள் வேண்டும்.

உரசல் அளவுக்கு மீறினால் கதை வேறு. தோலின் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும், பிரிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். கொப்புளம். அந்தக் கையால் அடுத்த நாள் வேலை செய்ய முடியாது. வேலை நின்றால் காய்ப்பு வருவதும் நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்ளலாம். இன்று நம்மிடம் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டு, ஆனால் நாளையோ நாளை மறுநாளோ அதே வேலைக்குத் திரும்பி வர விடுகிற சிரமத்தைத் தாங்கக்கூடிய சிரமம் என்று வைத்துக்கொள்வோம். கொப்புளம் திரும்பி வர விடவில்லை, காய்ப்பு விடுகிறது.

பலம் எப்போது சேருகிறது

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. பளு தூக்கும்போதே பலம் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பளு தூக்கும் நேரத்தில் தசை பலவீனமாகத்தான் ஆகிறது, இழைகளில் நுண்ணிய சேதம் கூட ஏற்படுகிறது. தூக்கி முடித்த பிறகு ஒன்று அல்லது இரண்டு நாள் வரை உடல் புதிய புரதத்தைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நடக்கிற வேலை அது. மேலே வந்த சுமைக்கு ஏற்றபடி உடலோ மனமோ தன்னைத் திருத்திக்கொள்வதற்குத் தகவமைவு என்று பெயர். சிரமம் ஒரு செய்தி அனுப்புகிறது, அவ்வளவுதான். கட்டும் வேலை அப்புறம் நடக்கிறது.

செய்தியே வராவிட்டாலும் ஆபத்து. விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. அதைத் தடுக்க விண்வெளி நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரம் அளவுக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள். சுமை இல்லாத எலும்பு கரைகிறது. அதனால் 'எதற்கு வீண் சிரமம், சும்மா இரு' என்பதும் நல்ல அறிவுரை ஆகாது.

செய்தி மேல் செய்தி வந்து ஓய்வே வராவிட்டால்? 1936-இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிரிலும், காயத்திலும், அளவு கடந்த உழைப்பிலும் வைத்துப் பார்த்தார். முதலில் உடல் கலங்கியது. பிறகு எதிர்த்து நின்றது, பழகிவிட்டது போலவே தோன்றியது. தொல்லை நிற்காமல் தொடர்ந்தபோது, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அந்த எதிர்ப்பு உடைந்து, எலிகள் பழையபடி சரிந்தன. 'ஸ்ட்ரெஸ்' என்று இன்று நாம் சொல்லும் சொல்லை இந்தப் பொருளில் பரப்பியவரும் இவரே. அந்த நடு நிலைதான் என்னை யோசிக்க வைக்கிறது. பழகிவிட்டது போலத் தோன்றும் காலம் அது. திருப்பூரில் மாதக்கணக்கில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ஷிப்மென்ட் நெருங்கினால் நைட்டும் பார்க்கிற தையல்காரர்களிடம் கேட்டால் "பழகிருச்சுங்க" என்றுதான் சொல்வார்கள்.

ஆக, சுமை வேண்டும், சுமைக்குப் பின் இடைவெளியும் வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வளர்ச்சி இல்லை.

நாற்றுக்கு வெயில் காட்டுவது

அளவு என்றால் என்ன என்று புரிய, தக்காளி நாற்றுப் பண்ணைக்குள் ஒரு நிமிடம் போய்வரலாம். கிணத்துக்கடவுப் பக்கம் பச்சை நிழல்வலைக் குடில்கள் நிறைய உண்டு. உள்ளே போனால் 98 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொரு குழியிலும் தென்னை நார்க்கழிவு, அதில் ஒரு நாற்று. சுமார் 25 நாளில் நடவுக்குத் தயாராகும். நிழலில், வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து வளர்ந்த அந்த நாற்று பார்க்க அழகாக இருக்கும். வெளிர் பச்சை, நெட்டைத் தண்டு. அப்படியே பிடுங்கிக் காட்டில் நட்டால் முதல் மதிய வெயிலிலேயே இலை வெளுத்துக் கருகும்.

அதனால் கடைசி நான்கைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, தட்டுகளை வெளியே எடுத்து வெயிலுக்குப் பழக்குவார்கள். முதல் நாள் காலை வெயில் மட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். அந்த நாட்களில் செடி உயரம் வளராது, பார்ப்பவருக்கு நின்றுபோனது போலத்தான் இருக்கும். ஆனால் இலையின் மேல் மெழுகுப் பூச்சு தடிக்கிறது, தண்டு உறுதியாகிறது, உள்ளே சர்க்கரை சேமிப்பு கூடுகிறது. விரலால் தண்டை லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு விறைப்பு தெரியும்.

இதையே பத்துப் பதினைந்து நாளுக்கு இழுத்தால் என்ன ஆகும்? நாற்று முற்றி, தண்டு மரத்துப் போகும். நட்ட பிறகு வேர் பிடித்துக் கிளம்பவே நாளாகும், விளைச்சலும் தள்ளிப்போகும். நல்லதுதானே என்று கூட்டிக்கொண்டே போன சிரமம் செடியைக் குட்டையாக்கிவிடுகிறது. பண்ணைக்காரர்கள் நாளை எண்ணி நிறுத்துகிறார்கள். நம் பிள்ளைகளை வளர்ப்பதில் அந்த நாள் கணக்கை நாம் வைத்துக்கொள்வதில்லை என்பது என் ஆதங்கம்.

பயத்துக்கும் படிக்கட்டு உண்டு

உடலுக்குச் சரி, மனசுக்கு? சூலூரில் என் சின்னம்மா 47 வயதில் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் பள்ளி மைதானத்தை மட்டும் சுற்றினார். இரண்டாவது வாரம் ரேஷன் கடை வரை. பின் சீட்டில் அவர் மகள். பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் இரவெல்லாம் விரல் மடக்க முடியாமல் வலித்ததாகச் சொல்வார். ஒரு மாதம் கழித்துத் திருச்சி ரோட்டில் ஏறியபோது ஒரு லாரி பக்கத்தில் கடந்து போன காற்றில் வண்டி ஆடியது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறினார். திரும்பி வீட்டுக்கு வந்திருக்கலாம். வந்திருந்தால் மறுநாள் சாவியையே தொட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

காரணம் இதுதான். பயப்படும் இடத்தை விட்டு ஓடினால் உடனே ஒரு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதி மனசுக்கு மிட்டாய் மாதிரி. 'ஓடினதால்தான் தப்பித்தோம்' என்று அது எழுதி வைத்துக்கொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்லும். தாங்கும் அளவு பயத்துக்குள் நின்று, நினைத்த கெடுதல் நடக்கவில்லை என்று பார்க்கப் பார்க்க, மனம் அந்தக் குறிப்பை மாற்றி எழுதுகிறது. ஜோசப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் இதை ஒரு சிகிச்சையாகவே வகுத்து 1958-இல் எழுதினார். பயங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, உடம்பைத் தளர்த்திக்கொண்டு, கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறுவது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிடும் நம் ஊர் முறைக்கு இது நேர் எதிர். தள்ளிவிட்டுக் கற்றவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரையே வாழ்நாள் முழுதும் வெறுத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேடையேறிக் கதை சொல்வதில்லை.

துணையும் இதில் ஒரு பங்கு. காங்கேயம் காளைக்கன்றை வண்டிக்குப் பழக்கும்போது என் அப்புச்சி அதைத் தனியாகப் பூட்ட மாட்டார். பக்கத்தில் பழகிய மாடு நிற்கும், வண்டி காலியாக இருக்கும். நுகத்தடி பட்ட இடத்தில் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார். தோல் கன்றிப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான், அவிழ்த்து விட்டுவிடுவார்.

மனசும் தோலைப் போலத்தான் என்பது இந்தப் பகுதியின் சாரம். சின்ன அளவில், திரும்பத் திரும்ப, ஓடாமல், முடிந்தால் துணையோடு.

படிப்பில் வரும் நல்ல சிரமம்

கோபிச்செட்டிபாளையம் நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தங்கையைத் தெரியும். ஒரே பாடத்தை ஐந்து முறை படிப்பார், வரிகள் எல்லாம் மஞ்சள் கோடு. "படிக்கறப்ப எல்லாம் தெரியுதுங்கண்ணா, தேர்வுல வர மாட்டேங்குது" என்றார்.

2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை மாணவர்கள் மறுபடி படித்தார்கள், இன்னொரு பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் மறுபடி படித்ததே முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்து வைத்தபோது தலைகீழ். பார்க்காமல் எழுதிய பகுதியில் சுமார் 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்ததில் சுமார் 42.

மறுபடி படிப்பது சுகமாக இருக்கிறது, அந்தச் சுகத்தை 'தெரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறோம். புத்தகத்தை மூடிவிட்டு யோசிப்பது எரிச்சலாக இருக்கிறது, ஆனால் நினைவை உறுதியாக்குவது அந்த எரிச்சல்தான். இந்த மாதிரி, கற்பதைச் சற்றுக் கடினமாக்கி நெடுநாள் நிற்கச் செய்யும் வழிகளை ராபர்ட் பியோர்க் என்ற உளவியலாளர் 1994-இல் விரும்பத்தக்க கடினம் என்று அழைத்தார். எல்லாக் கடினமும் இதில் சேராது. பசி வயிறு, மங்கிய விளக்கு, மானம் போகத் திட்டும் ஆசிரியர், இவை எதுவும் பாடத்தை ஆழமாக யோசிக்க வைப்பதில்லை.

திட்டு போன்ற தண்டனை கற்பதற்கு உதவுமா என்பதற்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்லலாம். 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு இரண்டு பெட்டிகளை வேறுபடுத்திக் காணக் கற்பித்தார்கள், தவறினால் மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக் கூட வேகமாகக் கற்றன. வேறுபாடு நுணுக்கமாக இருந்தபோது மிதமான அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன, கூடினால் தடுமாறின. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. இருந்தாலும், மூட்டை தூக்குபவரை அதட்டுவதும் கணக்கு கற்கும் பிள்ளையை அதட்டுவதும் ஒன்றல்ல என்று அனுபவமும் சொல்கிறது.

திணிக்கப்பட்ட கஷ்டம் வேறு

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் ஒரு விஷயம் சொல்லாமலே இருந்தது. மாமன் மகன் மம்பட்டியைக் கீழே வைக்க முடியும். சின்னம்மா வண்டியை ஓரம் கட்ட முடியும். நிறுத்தும் உரிமை அவரவர் கையில்.

1967-இல் செலிக்மன், மேயர் என்ற இரு உளவியலாளர்கள் பென்சில்வேனியாவில் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று படிக்கவே மனம் கனக்கும் சோதனை. இரண்டு குழு நாய்களுக்கும் ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒரு குழு தலையால் ஒரு பலகையைத் தள்ளினால் அதிர்ச்சி நின்றுவிடும், இன்னொரு குழு என்ன செய்தாலும் நிற்காது. பிறகு தாவித் தப்பிக்கக்கூடிய பெட்டியில் விட்டபோது, முதல் குழு சீக்கிரம் தப்பக் கற்றது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை படுத்துக் கிடந்தன. பட்ட வலி ஒன்றே. 2016-இல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். நீண்ட தொல்லைக்கு முன் அடங்கிப் படுப்பதுதான் மூளையின் இயல்பு, 'என்னால் இதை நிறுத்த முடியும்' என்பதுதான் கற்றுக்கொள்ளும் பாடம் என்றார்கள்.

அதனால் கடன் நெருக்கடி, அவமானப்படுத்தும் முதலாளி, இரவு பதினொன்று வரை படிக்க வைத்து விடிகாலை நாலரைக்கு எழுப்பும் விடுதி, இவற்றைப் 'பயிற்சி' என்று அழைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. சிலர் அதையும் தாண்டி வருகிறார்கள், அது அவர்கள் பலம். அந்தக் கஷ்டத்துக்கு அதில் பெருமை இல்லை. வெளியேறுவதோ, பேசி மாற்றுவதோ, உதவி கேட்பதோதான் அங்கே செய்ய வேண்டியது.

அளவு சரியா என்று எப்படித் தெரியும்

கோவை அருகே பக்தர்கள் நடந்து ஏறும் வெள்ளியங்கிரி மலைக்குப் போனவர்களைக் கேளுங்கள். வனத்துறை பிப்ரவரி முதல் மே வரை அனுமதிக்கும் அந்த ஏழு மலையில், ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். இறக்கத்தில் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது, அந்த வகை வேலைதான் அதிக வலி தரும். வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அடங்கும். மாடிப்படி இறங்கும்போது சிரித்துக்கொண்டே முனகும் வலி, சரியான வலி. சில வாரத்துக்குள் அதே இறக்கத்தை மறுபடி இறங்கினால் அவ்வளவு வலிக்காது.

மூட்டில் ஒரே புள்ளியில் குத்துவது, வீங்குவது, நெஞ்சு இறுகுவது வேறு வகை. 2024 பருவத்தில் அந்த மலைக்குப் போனவர்களில் சிலர் உயிரோடு திரும்பவில்லை. இதயம், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் ஏறக் கூடாது, வேண்டுதல் இருந்தாலும்கூட. இளைஞர்கள் செய்யும் தவறு வேறு: தசை சில வாரத்தில் தேறிவிடும், தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு மாதங்கள் ஆகும். கால் தயார் என்று தோன்றும்போது முழங்கால் தயாராக இருக்காது.

மனம் சார்ந்த முயற்சிக்கு நான் பார்ப்பது தூக்கத்தை. ஒரு சிரமம் தொடங்கி இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டு, வீட்டில் உள்ளவர்கள் மேல் எரிந்து விழுந்தால் அளவு கூடிவிட்டது. மூன்று வாரமாகியும் அதே வேலை துளியும் இலகுவாகாவிட்டால், ஓய்வு போதவில்லை அல்லது படி உயரமாகிவிட்டது. பாதியாகக் குறைத்துத் தொடருங்கள். சிரமமே தெரியாவிட்டால் அடுத்த படி.

எதைத் தொடங்குவது என்று கேட்டால், நீங்கள் ஏற்கெனவே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்வேன். வங்கி மேலாளரிடம் நேரில் பேசுவது, அண்ணன் தம்பி நிலப் பேச்சைத் தொடங்குவது, ஐம்பது வயதில் வள்ளி கும்மி ஆட்டத்துக்குக் கால் வைப்பது. மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

மாமன் மகன் கை ஆறியதும் சனிக்கிழமைதோறும் வரத் தொடங்கினான். முதல் சனிக்கிழமை ஒரு மரம், பிடியில் பழைய துணி சுற்றி. பெரியவர் பக்கத்தில் நின்று, பிடியை இறுக்கக் கூடாது, மம்பட்டியின் கனமே மண்ணை வெட்டும் என்று காட்டிக்கொடுத்தார். மாசி கடைசியில் துணியை எடுத்துவிட்டான். இப்போது நாலு மரம் எடுக்கிறான். சோற்றைக் கையால்தான் சாப்பிடுகிறான். சுண்டுவிரலுக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு தடிப்பு வந்திருக்கிறது, ஃபோன் பேசும்போது கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருக்கிறான்.